படிவம் 3 இல்லாமல் மூன்று வாய்தா வீண்

அக்கா சென்னையிலிருந்து பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபின், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெங்களூரிலேயே மனு போட்டோம். மூன்று வாய்தா போயும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வரவில்லை.

ஊர் மாறியதுதான் சிக்கல் என்று அலைந்தது வீண். தற்காலிகமாகத் தங்கும் ஊரிலும் மனு செய்ய 27-ஆவது பிரிவு இடம் தருகிறது. காவல் நிலையத்திலும் புகாருக்கு ரசீது தந்ததோடு சரி.

வழக்குக் காகிதங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: மனுவான படிவம் 2 இருக்கிறது, அதோடு தர வேண்டிய பிரமாணப் பத்திரமான படிவம் 3 இல்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் 23(2)-இன்கீழ் உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அந்தப் பிரமாணப் பத்திரம் வேண்டும். அதில், வன்முறை மீண்டும் நடக்கும் என்று அஞ்சுவதாக ஒரு வரி உண்டு. மனுவை எந்த மொழியில் படித்து விளக்கினார்கள் என்று இன்னொன்று. மனு ஆங்கிலத்தில், அக்காவுக்குத் தமிழ்தான் தெரியும். அங்கே 'தமிழ்' என்று நிரப்பினோம். தேதிவாரியாக அடி, மிரட்டல் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். அன்றே உத்தரவு.

உத்தரவின் நகல் இலவசம். ஆனால் 24-ஆவது பிரிவுப்படி அது போவது மனு போட்ட எல்லையிலுள்ள காவல் நிலையத்துக்குத்தான். சென்னை நிலையத்துக்கு நாங்களே பதிவுத் தபாலில் அனுப்பினோம். எதிர்த்தரப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.