தண்டையார்பேட்டையிலிருந்து கனடாவுக்கு: கணவன் மனைவி ஸ்பான்சர் ஃபைல் போடுவது எப்படி

உங்கள் ஃபைலைத் திறக்கப்போகும் கனடா குடியேற்ற அதிகாரிக்கு நம் வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று தெரியாது. பெண் பார்க்க வந்த அன்றே பூ வைத்து, மூன்று வாரத்தில் தாலி கட்டி, லீவு முடிந்ததும் மாப்பிள்ளை டொரன்டோவுக்கு விமானம் ஏறுவது நமக்குச் சாதாரணம். அவருக்கு அது விசாவுக்காகச் செய்த கல்யாணம் மாதிரி தெரியலாம். அதனால் நமக்குச் சாதாரணமாகப் படுவதைத்தான் அவருக்கு விளக்கி எழுத வேண்டும்.

ஸ்பான்சர் செய்பவர், அதாவது கணவனையோ மனைவியையோ அங்கே கூப்பிடுபவர், கனடா குடிமகனாகவோ பிஆர் (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவராகவோ இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிஆர் என்றால் அவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் போட முடியும். கணவனையோ மனைவியையோ மட்டும் கூப்பிடும்போது பெரும்பாலும் குறைந்தபட்ச வருமானம் என்று எதுவும் கேட்பதில்லை.

இப்போது நம் பக்கம் நிறைய பேர் மாட்டிக்கொள்கிற இடத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு பிஆர் வரப்போகிறது, எதற்கும் இருக்கட்டும் என்று ரிஜிஸ்டர் மேரேஜை முடித்துவிட்டு, மண்டபம் வைத்துத் தாலி கட்டுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் கணக்கில் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சட்டத்தின் கணக்கில் ஆகிவிட்டது. அவர் கல்யாணம் ஆகாதவர் என்றே சொல்லி பிஆர் வாங்கி அங்கே போய் இறங்கிவிட்டால், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மனைவியைப் பிறகு குடும்ப ஸ்பான்சரில் கூப்பிடும் வழி அடைபட்டுப்போகும். குடியேற்ற விதி 117(9)(டி) சொல்வது இதைத்தான். விண்ணப்பம் போட்ட பிறகு கல்யாணம் ஆகியிருந்தாலும், இறங்குவதற்கு முன்னால் தெரிவித்தே ஆக வேண்டும். இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறவு பற்றிக் கேட்கிற ஐஎம்எம் 5532 படிவத்திலும் ரிஜிஸ்டர் செய்த தேதி, தாலி கட்டிய தேதி இரண்டையும் எழுதி, ஏன் இரண்டு என்று நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ராயபுரத்தில் சர்ச்சில் நடந்ததோ, மண்ணடியில் நிக்காஹ் ஆனதோ, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே என்று வீடியோ காலில் செய்த கல்யாணத்தைக் கனடா ஏற்காது. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் இனிஷியல். ஆதாரில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரி என்று நம்மில் பலருக்கு மூன்று பெயர் இருக்கும். படிவம் முழுக்க பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றதெல்லாம் அதே ஆள்தான் என்று ஓர் அஃபிடவிட், ஹைகோர்ட் எதிரே தம்பு செட்டி தெருப் பக்கம் போனால் நோட்டரியிடம் முடிந்துவிடும். தமிழில் உள்ள எந்தக் காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதை வீட்டு ஆட்கள் செய்யக் கூடாது.

போட்டோ 20 வரை வைக்கலாம். ஆல்பத்தில் இருவரும் தனியாக போஸ் கொடுத்த படங்களை எடுத்து அடுக்காதீர்கள், அவை எதையும் நிரூபிக்காது. அம்மா அப்பா, மாமியார், தாய்மாமன், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் நிற்கிற படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கீழேயும் தேதி, இடம், யார் என்ன உறவு என்று எழுதுங்கள். மொய் நோட்டிலிருந்து ஒரு பக்கமும் வைக்கலாம் என்பேன். 'தாய்மாமன், காசிமேடு, 5001' என்று பேனாவில் வரிசையாக எழுதிய பக்கம், மொழிபெயர்ப்போடு. அவ்வளவு பேர் வந்து மொய் எழுதிய கல்யாணத்தைப் பொய் என்று சொல்வது கஷ்டம். மண்டப ரசீது, அவர் வந்துபோன போர்டிங் பாஸ், மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீது, எல்ஐசியில் நாமினி மாற்றிய காகிதம் எல்லாம் பயன்படும். வாட்ஸ்அப் பேச்சை மூட்டையாக அனுப்ப வேண்டாம், வெவ்வேறு மாதங்களிலிருந்து பத்துப் பக்கம் போதும்.

வீட்டை எதிர்த்துச் செய்த கல்யாணம் என்றால் போட்டோவில் பெற்றோர் இருக்க மாட்டார்கள். அதை மறைக்காதீர்கள். வேறு சாதி, வீட்டில் சம்மதம் இல்லை, நண்பர்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று உள்ளபடி எழுதுங்கள், அந்த நண்பர்களிடம் கடிதமும் வாங்குங்கள். ஒரே பாலின இணையர்களுக்கு இந்தியாவில் சட்டப்படி கல்யாணம் இல்லை. ஆனால் 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் துணைவர் என்ற வகையில் போடலாம். சேர்ந்து வாழவே வழியில்லாதவர்களுக்கும், உறவு ஒரு வருஷமாவது ஆகியிருந்தால், தனியாக ஒரு வகை இருக்கிறது.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம். கடந்த பத்து வருஷத்தில் துபாயிலோ சிங்கப்பூரிலோ தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும், அதைத் தேடி வாங்க நேரம் பிடிக்கும், முதலிலேயே ஆரம்பியுங்கள். மெடிக்கல் பரிசோதனை கனடா குடியேற்றத் துறையின் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டும்தான்.

ஏஜென்ட் இல்லாமலே இதைப் போட முடியும். காசு கொடுத்து ஆள் வைப்பதானால் கனடாவில் உரிமம் உள்ள ஆலோசகரா, வக்கீலா என்று அந்த உரிமம் கொடுக்கும் அமைப்பின் இணையப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். அவர் எழுதிய பொய்க்கும் நீங்கள்தான் பொறுப்பு, பிடிபட்டால் ஐந்து வருஷம் தடை.

போகிற பெண்களுக்கு ஒன்று. புதுக் கல்யாணம் என்றால் இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை 2017 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். உண்மையான கல்யாணம் செய்து போனவர் பிரிந்தால் அதற்காக பிஆர் போகாது. 'திருப்பி அனுப்பிடுவேன்' என்று கணவர் மிரட்டினால் அது அவர் கையில் இல்லை. ஸ்பான்சராக அவர் போட்ட கையெழுத்துப்படி மூன்று வருஷம் உங்கள் அடிப்படைச் செலவுக்கு அவர்தான் பொறுப்பு, விவாகரத்து ஆனாலும் அது மாறாது. கை நீட்டினால் அங்கே அவசர உதவி எண்ணான 911க்குக் கூப்பிடுங்கள். பாஸ்போர்ட்டையும் பிஆர் கார்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.