மதுரை வெயிலில் சலூன் வாசனையை நிற்க வைத்தது

சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லைத் தேய்த்து, லோஷன் தடவி, பிடரியில் பவுடர் போடுவார்களே, அந்த சலூன் வாசனை எனக்கு உயிர். அதே சாயலில் மலிவாகக் கிடைப்பது புரூட் (Brut) என்ற சென்ட். 1964-இல் வந்த பழைய சரக்குதான். அதில் இருக்கும் லாவெண்டர், ஓக் மரப் பாசி, காய்ந்த புல் வாசம் தரும் கூமரின் என்ற கூட்டணி அதைவிடப் பழையது. 1882-இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனம் கொண்டுவந்த வாசனைத் திரவியத்திலேயே இருந்தது.

சிக்கல் வெயில். திருநகரில் அடித்துக்கொண்டு பைக்கில் கிளம்பினால் சிம்மக்கல் வருவதற்குள் வாசனை போயே போய்விடும். சித்திரை மாதம் என்றால் பழங்காநத்தமே தாண்டாது. லாவெண்டர் மாதிரி லேசான மணம் சூட்டில் முதலில் பறக்கும். தோல் காய்ந்திருந்தால் மற்றதும் சீக்கிரம் அடங்கிவிடும்.

இப்போது குளித்ததும் ஈரத்தை ஒற்றிவிட்டு, நெஞ்சிலும் பிடரியிலும் மிளகளவு வாஸ்லைன் தடவுகிறேன். வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சரிப்படாது, அதன் வாசமே மேலே நிற்கும். அதன்மேல் ஸ்ப்ரே அடித்து, தேய்க்காமல் காயவிடுவேன். அப்புறம் பருத்தி பனியனில் ஒரு தடவை. துணியில் வாசனை தோலைவிட நெடுநேரம் தங்கும். சட்டையில், அதுவும் வெள்ளைச் சட்டையில், வேண்டவே வேண்டாம், கறை விழலாம். சந்தன பவுடரையும் நிறுத்திவிட்டேன், இரண்டும் சேர்ந்தால் தலைவலிதான்.

மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்குகிறது. இந்த விலைக்கு அதுவே பெரிசு. பாட்டிலை பைக் பெட்டியில் வைப்பதில்லை. சூடேறினால் சரக்கு கெட்டுவிடும், பீரோவில்தான் இருக்கிறது.