போலீஸ்காரரே சிவப்பு விளக்கைத் தாண்டினால் எப்படிப் புகார் கொடுப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன டவுன் ஒன்றில் நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். லயத்து (தோட்டக் குடியிருப்பு) பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, மத்தியானம் திரும்பக் கூட்டி வருவது. "ஆண்ட்டி, போலீஸ் மட்டும் ரெட் லைட்ல போகலாமா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்பார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பது வேறு: "போலீஸ் மேல கொடுத்தா யாரும்மா புகார் எடுப்பாங்க?" எடுப்பார்கள். எப்படிக் கொடுப்பது என்பதுதான் நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் சட்டம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் பொது. சிவப்பு விளக்கை மீறிய வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 79-ஆவது பிரிவின்படி 300 முதல் 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். டியூட்டி முடிந்து சொந்த மோட்டாரில் வீட்டுக்குப் போகும் போலீஸ்காரர் நம்மைப் போல ஓர் ஓட்டுநர், அவ்வளவுதான். ஹெல்மெட், லைசன்ஸ், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அவருக்கும் வேண்டும்.

விலக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகள் அவசர வேலையாக சைரனும் சுழல் விளக்கும் போட்டு வந்தால் நாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவர்கள் விளக்கைத் தாண்டலாம். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. கவனக்குறைவாக ஓட்டி யாரையாவது மோதினால் கேள்வி வரும். சைரன் இல்லாமல் திருடனைத் துரத்திப் போகும் நேரமும் உண்டு. அது உண்மையில் அவசரமா, சாப்பாடு வாங்கப் போன அவசரமா என்று ரோட்டோரம் நின்று நம்மால் தீர்மானிக்க முடியாது. விசாரிக்கிறவர்கள் தீர்மானிக்கட்டும். நம் வேலை பார்த்ததைச் சொல்வது.

இன்னொன்று, தோட்டத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. "இது கம்பெனி ரோடு, இங்கே சட்டம் கிடையாது" என்று பலர் நம்புகிறார்கள். பொதுமக்கள் போய்வர முடிகிற பாதை பொதுவாக இந்தச் சட்டத்தின் கண்ணில் சாலைதான். கோயிலுக்கும் பள்ளிக்கும் எல்லாரும் போகிற செம்மண் ரோடும் அதில் அடங்கலாம். ஹெல்மெட் இல்லாமல் அந்த ரோட்டில் போகும் போலீஸ்காரருக்கும் இது பொருந்தும், பாமாயில் குலை வெட்டிவிட்டு வரும் நம் தம்பிகளுக்கும் பொருந்தும்.

சரி, கண் முன்னால் நடந்துவிட்டது. விரட்டிப் போகாதீர்கள். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அதுவே ஒரு குற்றம், சம்மன் (அபராத நோட்டீஸ்) உங்களுக்கு வரும். வண்டியில் டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவைத் தனியாகச் சேமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பதிவு அதை அழித்துவிடும். டேஷ்கேம் இல்லையா? பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு உடனே எழுதுங்கள்: வண்டி எண், தேதி, நேரம், எந்தச் சிம்பாங் (சாலைச் சந்திப்பு), எந்தப் பக்கமிருந்து வந்தது, சைரன் கேட்டதா, சுழல் விளக்கு எரிந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள். வண்டி எண்தான் உயிர். எண் இல்லாத புகாரை யாரும் எங்கும் கொண்டுபோக முடியாது.

புகார் எழுதும்போது கோபத்தை வெளியே வைத்துவிடுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் பாதிக்கு மேல் போலீஸ் எப்படிக் கெட்டுப்போய்விட்டது என்றே இருந்தது. நடந்தது கடைசி வரியில்தான் வந்தது. உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்: "இந்தத் தேதி காலை 7.10 மணிக்குத் தமிழ்ப்பள்ளி முன் உள்ள சிம்பாங்கில், இந்த எண் கொண்ட ரோந்துக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்றது. சைரனும் சுழல் விளக்கும் போடப்படவில்லை. அப்போது மாணவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." மலாயில் எழுதுங்கள், வராவிட்டால் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், அழகாக எழுதித் தரும். பார்க்காததைச் சேர்க்க வேண்டாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டம் 182-ஆவது பிரிவில் குற்றம்.

டிக்டாக்கில் முதலில் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆயிரம் பேர் திட்டுவார்கள், விசாரணை நகராது, உங்களுக்கே வேறு சிக்கல் வரலாம்.

கடிதத்தை மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கொடுக்கலாம். உள்ளூரில் தெரிந்த முகங்கள் என்று தயக்கமாக இருந்தால் கோலாலம்பூர் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் உள்ள ஜிப்ஸ் துறைக்கே அனுப்பலாம். போலீஸ்காரர்களின் நேர்மையையும் ஒழுங்கையும் கவனிக்கிற துறை அது. எங்கே கொடுத்தாலும் ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள், புகார் எண் கேளுங்கள். வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டால் போங்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அந்தப் பெரியவருக்கு நான்தான் துணைக்குப் போனேன். வாசலில் கை நடுங்கியது அவருக்கு. உள்ளே மரியாதையாகத்தான் பேசினார்கள்.

போலீஸ்காரர் விதியை மீறியது உங்களுக்கு வந்த சம்மனை ரத்து செய்யாது. "நீங்களும்தானே போனீங்க, துவான் (ஐயா)" என்று ரோட் புளோக்கில், போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில், வாதாடிப் பயனில்லை. உங்கள் சம்மனைத் தனியாகப் பாருங்கள், அவர் மேல் தனியாகப் புகார் கொடுங்கள். சீருடையில் இருந்தால் பெயரையும் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீருடை இல்லாமல் நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேட்கலாம். கோப்பிக் காசு (லஞ்சம்) பேச்சு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உடன்படாதீர்கள். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

பதிலே வராமல் இழுத்தடித்தால் ஐபிசிசி இருக்கிறது. போலீஸ் நடத்தையை விசாரிக்கும் இந்த ஆணையம் 2023 ஜூலை 1 முதல் செயல்படுகிறது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. விசாரித்து, ஒழுங்கு நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கும். அங்கே எழுதும்போது முதல் புகாரின் எண்ணையும் முத்திரை போட்ட நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.