சிறுநீரகக் கல்: கரைக்க அலைகிறோம், வராமல் பார்ப்பதில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை எதிலாவது உட்கார்ந்து, "எனக்குக் கல்லு இருக்காம்" என்று சொல்லிப் பாருங்கள். தே வந்து சேர்வதற்குள் நாலு வைத்தியம் வந்து சேர்ந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடி என்பார் ஒருவர். மிசாய் குச்சிங் இலையைக் கொதிக்க வை என்பார் இன்னொருவர். அப்புறம் பார்லி, இளநீர். கடைசியில் ஒருவர், பீர் குடித்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சத்தியம் செய்வார். அவருக்கு இதுவரை கல்லே வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மலாய்க்காரர்களுக்கு இது பத்து காராங். நம் நாட்டு வைத்தியத்தில் கல்லடைப்பு. வியாதி அந்தப் பெயர்களைவிடப் பழையது. 1901இல் எகிப்தின் எல் அம்ராவில் தோண்டியெடுத்த ஓர் உடலில் மூத்திரப்பைக் கல் இருந்தது; பல ஆயிரம் வருஷப் பழசு. இன்றைய நிலவரம் என்ன? 2019இல் மட்டும் உலகம் முழுக்க 11.5 கோடிப் பேருக்குப் புதிதாக இந்தத் தொல்லை வந்ததாக ஒரு மதிப்பீடு. அதே வருஷம் இதனால் இறந்தவர்கள் சுமார் 13 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நம்மை ஏமாற்றுகிறது. உயிரை எடுக்காத வியாதிதானே என்று விட்டுவிடுகிறோம். வேலை போன நாட்கள், ஆஸ்பத்திரி அலைச்சல், மெல்லக் கெட்டுப்போகிற கிட்னி எல்லாம் அந்த 13 ஆயிரத்துக்குள் வராது. ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடியும் வருகிறது.

ஏழைகளின் வியாதி என்றும் சொல்ல முடியாது. ஆசியாவில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை, ஐரோப்பாவில் 5 முதல் 9, வட அமெரிக்காவில் 7 முதல் 13. அமெரிக்காவில் 1970களின் கடைசியில் 3.8 சதவீதமாக இருந்தது, 2007–2010இல் 8.8 ஆகிவிட்டது. நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. வடகிழக்கு தாய்லாந்தில் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூத்திரப்பையில் கல் கட்டியது. தாய்ப்பாலோடு சோற்றை மட்டுமே ஊட்டி வளர்த்த காலம் அது. சாப்பாடு தேறத் தேற அந்தக் கல் குறைந்தது, பெரியவர்களுக்குக் கிட்னிக் கல் கூடியது.

சரி, தவறுகளுக்கு வருவோம். முதல் தவறு தண்ணீர். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். என் அத்தை செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். விடியற்காலை பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) கிளம்பும்போது ஒன்றரை லிட்டர் போத்தலை நிரப்பிக்கொண்டு போவார். மத்தியானம் திரும்பும்போது அதில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சிட்டு எங்கடா போறது? ஆம்பளைங்க எந்த மரத்துப் பின்னாலயும் நிப்பாங்க" என்பார். அத்தைக்குத் தண்ணீரின் அருமை தெரியாமல் இல்லை. கக்கூஸ் இல்லாத இடத்தில் ஏழு மணி நேரம் வேலை செய்கிற பெண் வேறு என்ன செய்வாள்? "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. இன்று தோட்டத்தில் குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். நம் ஆட்கள் லோரி ஓட்டுகிறார்கள், ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார்கள், ஃபேக்டரிக்குப் போகிறார்கள். நடுவழியில் லோரியை நிறுத்த முடியாது என்று டிரைவரும் அத்தை மாதிரியேதான் குடிக்காமல் இருக்கிறார்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெயிலில் வேலை செய்த ஆண்களில் 5.2 சதவீதம் பேருக்குக் கல் இருந்தது. கூரைக்கடியில் வேலை செய்தவர்களில் 0.85 சதவீதம்தான். ஊர் ஒன்று, வெயில் ஒன்று. வேர்வையாகப் போகிற தண்ணீர் மூத்திரத்தில் குறைகிறது, மூத்திரம் கெட்டிப்பட்டால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகின்றன. சீனிப்பாகு ஆறும்போது ஓரத்தில் கற்கண்டு கட்டுகிற மாதிரி.

எத்தனை கிளாஸ் குடிக்க வேண்டும் என்று எண்ணுவதும் ஒரு தவறுதான். வெளியே போவது எவ்வளவு என்பதுதான் கணக்கு: நாளுக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம். வெயிலில் நிற்கிறவருக்கு அதற்கு மூன்று, நான்கு லிட்டர் குடிக்க வேண்டிவரும். அளக்கவெல்லாம் வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். தே ஓ நிறத்தில் போனால் போதவில்லை, வெளிறிய வைக்கோல் நிறத்தில் போனால் சரி. படுக்கும் முன்னும் ஒரு கிளாஸ் குடியுங்கள். ராத்திரியில்தான் மூத்திரம் அதிகம் கெட்டியாகிறது. இதில் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. இத்தாலியில் முதல் கல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். தண்ணீரைக் கூட்டியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் மறுபடி வந்தது, மற்றவர்களில் 27. இருதயமோ கிட்னியோ ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் சிராப்பையும் டின் பானத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சீனி போட்ட கோலாவைத் தினமும் குடிப்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறுகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. தேயும் கோப்பியும் கெடுதல் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அதே ஆய்வில் அவை குடித்தவர்களுக்குக் கல் குறைவாகத்தான் வந்தது. தே தாரேக்கில் குற்றவாளி தேயிலை அல்ல, அடியில் ஊற்றுகிற சீனி சேர்ந்த டின் பால். லீமாவ் நிப்பிஸ் பிழிந்து, சீனி இல்லாமல் குடிப்பது நல்லது. அதில் உள்ள சிட்ரேட் படிகம் கட்டுவதைத் தடுக்கிறது.

அடுத்தது, படித்தவர்களும் செய்கிற தவறு. கல் சுண்ணாம்புச் சத்தால் (கால்சியத்தால்) ஆனது, ஆகவே பாலையும் தயிரையும் நிறுத்து என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. கீரையிலும் கச்சானிலும் இருக்கிற ஆக்சலேட் என்ற உப்பைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுவது சாப்பாட்டில் உள்ள கால்சியம்தான். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்தில் ஏறி, கிட்னியில் போய்க் கால்சியத்தோடு சேர்கிறது. 1993இல் 45 ஆயிரம் அமெரிக்க ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், சாப்பாட்டில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. 2002இல் இத்தாலியில் நேருக்கு நேர் சோதித்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல எடுத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 சதவீதம்தான். ஆகவே கீரை பிரட்டலைத் தூக்கிப் போட வேண்டாம், பக்கத்தில் தயிர் வையுங்கள். குறைக்க வேண்டியது கருவாடு, நெத்திலிச் சம்பல், கிச்சாப், பாக்கெட் மீயின் அந்தச் சின்னப் பொட்டலம். உப்பு கூடினால் மூத்திரத்தில் கால்சியமும் கூடவே இறங்குகிறது.

தக்காளி விதைக்கும் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிளிம்பிங் பழச்சாற்றை மருந்தென்று கிளாஸ் கிளாஸாகக் குடிப்பதுதான் ஆபத்து. ஆக்சலேட் ஏராளம், கிட்னி பழுதானவர்களுக்கு அது விஷம். ஜெரிங் காயும் அப்படித்தான். அதிலுள்ள ஓர் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து, சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே மூத்திரத்தை அடைத்துவிடும். 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் தண்ணீரில் போட்டுக் குடிக்கிற ஆண்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்குகிற அந்த வலியில் மனுஷன் தரையில் புரளுவான். வலி மாத்திரை, ஒரு ஊசி, மறுநாள் வலி நின்றுவிடும். ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி அதோடு சரி. வலி நின்றால் கல் வெளியேறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கல் குழாயில் உட்கார்ந்தபடியே வலி அடங்கிப் போகலாம். பின்னால் நீர் தேங்கித் தேங்கி, சத்தமில்லாமல் அந்தக் கிட்னி வீணாகிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழுள்ள கல்லில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே இறங்கும், 5 முதல் 10 மில்லிமீட்டர் என்றால் பாதிக்குப் பாதிதான். போய்விட்டதா என்று படம்தான் சொல்ல வேண்டும். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிவிட்டு உட்காருங்கள். கூட்டம் இருக்கும்தான். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலும், மூத்திரமே வராவிட்டாலும், ஒற்றைக் கிட்னிக்காரராக இருந்தாலும் அந்த வரிசையெல்லாம் கிடையாது. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, அன்றைக்கே.

வாழைத்தண்டைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை. பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைப்பதில்லை. உடைக்கத்தான் வேண்டும், 1980இல் முனிச்சில் கத்தியில்லாமல் வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சி உடைத்த நாளிலிருந்து அது அவ்வளவு பயப்படுகிற காரியமும் இல்லை. பீர் மூத்திரத்தைத் தள்ளும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். அந்த யூரிக் அமிலக் கல் ஒன்றுதான், இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் அதிகம் வருவது, டாக்டர் கொடுக்கிற சிட்ரேட் மருந்தில் நிஜமாகவே கரையக்கூடியது. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது.

உங்களுடையது எந்தக் கல் என்று தெரிய வேண்டுமென்றால் அதைப் பிடித்தாக வேண்டும். பழைய தே வடிகட்டி ஒன்று போதும். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற ஒரு மாமா தன்னுடையதை எட்டு வருஷமாக ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, பழுப்பு நிறம், முள் முள்ளாக இருக்கும். தீபாவளிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். போன மாதம் அவருக்கு இரண்டாவது கல். கிளினிக்கில் டாக்டர், முதல் கல்லைச் சோதித்தீர்களா என்று கேட்டிருக்கிறார். "கேட்டிருந்தா அன்னைக்கே கொண்டு போயிருப்பேனே" என்றார் மாமா. திங்கட்கிழமை போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.