எஸ்.எஸ்.ஏ.டி. கட்டுரையில் நேரம் கைமீறினால் என்ன செய்வது

அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு எஸ்.எஸ்.ஏ.டி. அதை எழுதும் பிள்ளையின் முன் முதலில் வந்து நிற்பது கட்டுரைதான். நடுநிலைப் பிரிவிலும் (5 முதல் 7-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு) மேல்நிலைப் பிரிவிலும் (8 முதல் 11 வரை) அதற்கு 25 நிமிடம். கணக்கு, வாசிப்பு, சொல்வளம் எல்லாம் அதற்குப் பிறகே. கட்டுரையில் நேரத்தைக் கோட்டைவிட்ட பிள்ளை அதே கலக்கத்தோடு கணக்குப் பகுதிக்குள் நுழையும். உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது.

நியூஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கிறேன். தேர்வு முடிந்த மாலைகளில் தொலைபேசி ஓயாது. “கட்டுரையை முடிக்கவில்லையாம் அக்கா, இனி அவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். இல்லை. அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே கிடையாது. நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளிகளுக்கு அது அப்படியே போகும். யாருடைய உதவியும் இல்லாமல் இந்தப் பிள்ளை எப்படி எழுதுகிறது என்று பார்க்கவே அங்கே படிக்கிறார்கள். எனவே ஒரு பத்தி குறைந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும் கட்டுரை கண்ணை உறுத்தும். முடிவை எப்படியாவது எழுதிவிடும் பழக்கத்தைத்தான் நான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.

நேரத்தை அதிகம் தின்பது எழுத்து அல்ல, தலைப்பைத் தேர்ந்தெடுப்பது. மேல்நிலைப் பிரிவில் ஒரு கதைத் தொடக்கமும் ஒரு கருத்துக் கேள்வியும் தருவார்கள். நடுநிலையில் இரண்டுமே கதைத் தொடக்கங்கள். எதை எடுப்பது என்று ஊசலாடியே ஆறேழு நிமிடத்தைத் தொலைக்கும் பிள்ளைகள் உண்டு. நான் சொல்லும் விதி ஒன்றுதான்: எதற்குக் கடைசி வரி உடனே தோன்றுகிறதோ அதை எடு. அந்த வரியைக் குறிப்பாக ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள். அதற்குப் பிறகு இன்னொரு தலைப்புக்குத் தாவாதே. தொடக்கத்துக்கு நான்கு நிமிடம், கடைசியில் நான்கு நிமிடம், நடுவில் இருப்பதெல்லாம் எழுத.

அப்படியும் ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது கதை பாதியில் நிற்கிறதா? பயிற்சி வகுப்பில் நான் கொடுத்த தொடக்கம் இது: “அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை.” ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டி வீட்டு மாடியறையை மூன்று பத்திகளுக்கு அழகாக வர்ணித்துவிட்டான். சாவி எதைத் திறக்கும் என்பதற்கு இன்னும் வரவே இல்லை. புதிய ஆள் வேண்டாம், புதிய இடம் வேண்டாம், ஏற்கெனவே எழுதிய பொருள் ஒன்றை எடுத்து இரண்டு வரியில் முடி என்றேன். அவன் எழுதியது: “சாவியைப் பழையபடி அலமாரி ஆணியில் மாட்டினான். பூட்டைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாட்டியிடமே கேட்டுவிடலாம் என்று படியிறங்கினான்.” இது முழுக் கதை. நேரம் போதவில்லை என்று இதைப் படிக்கும் யாருக்கும் தோன்றாது.

கருத்துக் கட்டுரையில் வேறொரு கண்ணி இருக்கிறது. “இதற்கு மூன்று காரணங்கள்” என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, இரண்டாவதோடு நேரம் முடிந்துபோகும். மேலே போய் “மூன்று” என்பதை ஒரே கோடால் அடித்து “இரண்டு” என்று திருத்தினால் போதும், கட்டுரை நிமிர்ந்துவிடும். முன்னுரையில் எண்ணே போடாதே என்பது என் கண்டிப்பான அறிவுரை. காகிதத் தேர்வில் பத்தி முழுவதையும் ரப்பரால் அழிப்பதும் வேண்டாம். அடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே முடித்துவிட்டால் புதிய பத்தியைத் தொடங்கக் கூடாது. பொதுவாகச் சொன்ன ஓரிடத்தில் ஒரு பெயரையோ பொருளையோ சேர்க்கலாம். பிறகு எழுத்துப்பிழை பார்க்கலாம்.

தவறு பிள்ளையுடையதாக இல்லாமலும் இருக்கலாம். கண்காணிப்பாளர் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருப்பார், தீ எச்சரிக்கை மணி அடித்திருக்கும், கணினியில் எழுதினால் திரை உறைந்திருக்கும். அந்த நொடியிலேயே கையைத் தூக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களை மறுத்துப் பேசத் தயங்குவார்கள். காரில் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதனால் சொல்ல வேண்டியதை வாய்விட்டே பழக்குங்கள்: “மன்னிக்கவும், எங்களுக்கு 25 நிமிடம் முழுதாகக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். தொடங்கிய நேரத்தைச் சரிபார்க்க முடியுமா?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கூடுதல் நேர அனுமதி பெற்ற பிள்ளை, தேர்வு தொடங்குவதற்கு முன்பே அதைக் கண்காணிப்பாளரிடம் நினைவூட்ட வேண்டும்.

அன்று இரவே, நினைவு மங்குவதற்கு முன், தேர்வறை எது, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து, தேர்வு நடத்தும் அமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், மதிப்பெண் குறைந்ததால் சொல்கிறார்கள் என்றுதான் படும்.

தனியார் பள்ளிகளுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஐ.எஸ்.இ.இ. எழுதுபவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே கட்டுரை கடைசியில், 30 நிமிடம். காகிதத் தேர்வில் பேனாவால் எழுத வேண்டும். மற்ற பகுதிகளைக் கெடுக்க அது வராது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உழைத்த மூளையும் கையும் ஒத்துழைக்காது. ஆகவே காலையில் தெளிவாக எழுந்து எழுதும் பயிற்சி இதற்கு உதவாது. முழு மாதிரித் தேர்வு ஒன்றை முடித்த கையோடு கட்டுரையை எழுதவைத்துப் பாருங்கள்.

எஸ்.எஸ்.ஏ.டி.யில் கட்டுரை முடிந்ததும் சிறிய இடைவேளை உண்டு. நீ எந்தத் தலைப்பை எடுத்தாய் என்று மற்றவர்களிடம் பேசப் போகாமல், தண்ணீர் குடித்து, கையை உதறிவிட்டுக் கணக்குக்குத் திரும்பட்டும். அங்கே 25 கேள்விக்கு 30 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். பதற்றத்தில் கண்டபடி குறிக்கும் இடம் அதுவல்ல. முதல் இரண்டு கேள்விகளை வேண்டுமென்றே நிதானமாகப் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில பள்ளிகள், ஆசிரியர் திருத்திய வகுப்புக் கட்டுரை ஒன்றையும் விண்ணப்பத்தோடு கேட்கின்றன. தேர்வில் எழுதியது சரியில்லை என்று பிள்ளை வருந்தினால், ஆசிரியரின் குறிப்புகள் ஓரத்தில் இருக்கும் நல்ல கட்டுரையாகப் பார்த்து இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள்.