இணைய மோசடியை விட்டு வெளியே வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெட் ஜான்சன் என்ற அமெரிக்கர் இப்போது நிறுவனங்களுக்கு மோசடித் தடுப்பு பற்றிப் பாடம் எடுக்கிறார். ஒரு காலத்தில் ஷேடோக்ரூ என்ற இணையத் திருட்டுச் சந்தையை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். திருடிய கிரெடிட் கார்டு எண்களும் போலி அடையாள அட்டைகளும் அங்கே விலை போயின. 2004 அக்டோபரில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் (அதிபரின் பாதுகாப்போடு பண மோசடிகளையும் விசாரிக்கும் அரசு அமைப்பு) அதை முடக்கி 28 பேரைக் கைது செய்தது. சுமார் 4,000 உறுப்பினர்கள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட திருட்டு கார்டு எண்கள் என்றது அரசுத் தரப்பு. அந்த வலையில் ஜான்சன் சிக்கவில்லை. அவர் திருந்தியதோ அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான். நடுவில் எங்கெல்லாம் சறுக்கினார் என்று பார்த்தால், இந்த வழியில் வருகிற மற்றவர்களும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, நோயைத் தப்பாகப் புரிந்துகொள்வது. ‘கம்ப்யூட்டர் திறமை தப்பான வழியில் போய்விட்டது’ என்று சொல்லிக்கொள்வது சுகமாக இருக்கும். ஜான்சனே சொல்லும் அவருடைய முதல் இணைய மோசடியில் அப்படி ஒரு திறமையும் இல்லை. 1990களில் அமெரிக்காவில் பீனி பேபி என்ற பஞ்சு பொம்மைகளுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அதில் கருநீல யானை ஒன்று அபூர்வம். 1,500 டாலர் வரை போகும். அவரிடம் அது இல்லை. சாம்பல் நிற யானை ஒன்றை வாங்கி, நீலச் சாயத்தில் முக்கி எடுத்தார். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பொம்மையை அனுப்பினார். வாங்கிய பெண் கோபமாகப் போன் செய்தார். நீல யானை கேட்டீர்கள், நீலமாக ஒரு யானை அனுப்பியிருக்கிறேன் என்ற தோரணையில் பதில். பிறகு இழுத்தடித்தார். அந்தப் பெண் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார், போலீஸுக்கும் போகவில்லை.

இழுத்தடித்தால் ஏமாந்தவர் ஓய்ந்துவிடுவார் என்பதுதான் அவர் கற்ற முதல் பாடம். (ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு வசதி என்று இதிலிருந்தே தெரியும். பணம் போனால் அன்றைக்கே வங்கிக்கும் போலீஸுக்கும் சொல்லிவிடுங்கள்.) கையில் இருந்த வித்தை நம்ப வைப்பது, சாக்குச் சொல்வது. அது லேப்டாப்பை மூடினால் போய்விடாது. குடும்பத்துக்காகச் செய்தேன் என்று வீட்டில் சொல்கிற சமாதானமும் அதே வித்தைதான்; இந்த முறை ஏமாறுவது சொல்கிறவரே.

பெரிய தவறு, பாதி விலகல். 2005-இல் கைதானதும் ஜான்சன் சீக்ரெட் சர்வீஸுக்குத் தகவல் தருபவராகச் சேர்ந்தார். பகலில் அதிகாரிகளோடு உட்கார்ந்து மற்ற திருடர்களைப் பிடிக்க உதவினார். அதே சமயம், அவர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே அடுத்தவர் பெயரில் வருமான வரி ரீஃபண்ட் மோசடியும் செய்தார். விஷயம் வெளிவந்ததும் தப்பி ஓடினார், தேடப்படுவோர் பட்டியலில் ஏறினார். பிடிபட்டு 75 மாதத் தண்டனை. காவல் குறைந்த முகாம் ஒன்றில் வைத்தார்கள். அங்கிருந்தும் ஓடிப்போய் மறுபடி மாட்டினார்.

இது அவர் ஒருவரின் கோணல் புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஷேடோக்ரூவை உள்ளிருந்து காட்டிக்கொடுத்த ஆல்பர்ட் கான்சலஸும் இதையேதான் செய்தார். ஒரு பக்கம் சீக்ரெட் சர்வீஸிடம் சம்பளம். இன்னொரு பக்கம் கடைச் சங்கிலிகளிலிருந்தும் ஹார்ட்லேண்ட் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்திலிருந்தும் கோடிக்கணக்கான கார்டு விவரங்களைத் திருடிய கும்பலுக்குத் தலைமை. 2010-இல் 20 வருடச் சிறை கிடைத்தது. இருவருக்குமே ‘நல்ல பக்கம்’ என்பது இன்னொரு மறைவிடமாக ஆகிவிட்டது. பழைய கணக்குகள், பழைய தொடர்புகள், எங்கோ சேமித்து வைத்த பட்டியல்கள் எல்லாம் கையில் இருக்கும்வரை, அரசாங்கத்துக்கு உதவுகிறேன் என்பதை விலகல் என்று எண்ணக் கூடாது.

அடுத்தது, சிறைவாசம் முடிந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது. 2011-இல் வெளியே வந்த ஜான்சனுக்குக் கம்ப்யூட்டரைத் தொட அனுமதி இல்லை. அவர் பெயரைத் தேடிப் பார்க்கிற யாரும் வேலை தருவதாகவும் இல்லை. கொஞ்ச நாளில் திருட்டு கார்டில் சாப்பாட்டுச் சாமான், சோப்பு மாதிரி பொருட்களை ஆர்டர் செய்தார். மறுபடி சிறை. லட்சக்கணக்கில் சுருட்டியவர் கடைசியில் மாட்டியது மளிகைக்கு! முதல் சில மாதங்களின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன வழி என்று முன்னாலேயே யோசித்து வைக்காதவருக்கு மன உறுதி மட்டும் போதாது. எந்த வேலையானாலும் சரி, கம்ப்யூட்டர் வேலையே வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், கடந்த காலத்தை மறைப்பது. எப்படியும் வெளியே வரும் விஷயம் இது. ஜான்சன் இதில் தலைகீழாகப் போனார். கீத் முலார்ஸ்கி என்ற எஃப்பிஐ அதிகாரிக்கு லிங்க்ட்இன்னில் தானே எழுதி, தான் யார் என்று சொல்லி, சட்டப்படி வாழ உதவி கேட்டார். முலார்ஸ்கி சாதாரண ஆள் இல்லை. டார்க்மார்க்கெட் என்ற இன்னொரு திருட்டுச் சந்தைக்குள் திருடன் வேடத்தில் நுழைந்து, நிர்வாகியாகவே இருந்து, 2008-இல் அதை மூட வைத்தவர். அவர் உதவினார். அதன் பிறகுதான் மேடைகளும் ஆலோசனை வேலையும் வந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரு முலார்ஸ்கி பதில் போடுவார் என்று சொல்ல முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தாலோ, வரக்கூடும் என்றாலோ, போலீஸுக்கு எழுதும் முன் வக்கீலிடம் பேசுவதுதான் முறை.

சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் போதும் என்பதும் பலரின் நம்பிக்கை. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர் 2017 மே மாதத்தில், கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவுவதைத் தடுத்து உலகப் புகழ் பெற்றார். ஆகஸ்டில் அமெரிக்காவில் கைது. பதின்ம வயதில் வங்கி விவரம் திருடும் க்ரோனோஸ் மென்பொருளை உருவாக்கிய பழைய விவகாரம் அது. இருந்தாலும், பிடிபடுவதற்கு முன்பே அவர் மாறிவிட்டார் என்பதை நீதிபதி கணக்கில் எடுத்தார். 2019-இல் கூடுதல் சிறைத்தண்டனை இல்லாமல் விட்டார். பழைய குற்றம் காத்திருந்து வந்தது உண்மை. நடுவில் வாழ்ந்த நேர்மையான வருடங்களுக்கு மதிப்பு இருந்ததும் உண்மை.

பழைய திருட்டை வீரக்கதையாகச் சொல்லித் திரிவது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் ரகம். கேட்கிறவர்களும் இதற்கு உடந்தை. ‘எவ்வளவு சம்பாதித்தார்’ என்று கேட்கிறார்களே தவிர, அந்த ரீஃபண்ட் யாருடையது, அவருக்குப் பணம் எத்தனை நாள் தாமதமானது என்று கேட்பதில்லை. இந்தக் கதைகளில் பல விவரங்களுக்குச் சொல்பவரே ஒரே சாட்சி என்பதையும் மறக்கக் கூடாது. கைது, தீர்ப்பு, தண்டனை போன்றவை ஆவணத்தில் இருக்கும். மற்றதைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கலாம்.

கடைசியாக, திறமையை நிரூபிக்கிறேன் என்று அனுமதி இல்லாமல் ஒரு நிறுவனத்தின் தளத்தைத் துருவிப் பார்த்து, ஓட்டை இருக்கிறது, வேலை கொடுங்கள் என்று எழுதுவது. எழுதுகிறவருக்கு அது விண்ணப்பம். படிக்கிறவருக்கு மிரட்டல் கடிதம். ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு என்று வெளிப்படையாக அழைக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. எதைச் சோதிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் வேலை செய்தால் கைக்குப் பணமும் வரும், காட்டுவதற்குச் சொந்தப் பெயரில் ஒரு சான்றும் இருக்கும்.