வெனஸ்டஸ் அடங்குன விதம்

எங்கிட்ட இருக்கிறது ஆப்பிரிக்காவோட மலாவி ஏரியைச் சேர்ந்த வெனஸ்டஸ்ங்கற ஆண் மீனுங்க. முக்கால் அடி வளர்ந்து தலை நீலமானதும் ஆறடித் தொட்டி மொத்தத்தையும் வளைச்சுப் போட்டுருச்சு. மத்த மீனெல்லாம் வால் கந்தலாகி ஹீட்டருக்குப் பின்னால ஒண்டிக் கிடந்துச்சு.

கடைக்காரர் தனித்தொட்டி வாங்கச் சொன்னாரு. அவருக்கு யாவாரம் ஆகோணுமில்ல!

நான் வெனஸ்டஸை மட்டும் ஃபில்டரோட பெரிய டப்பாவுல சில நாள் பிரிச்சு வச்சேன். அந்த இடைவெளியில தொட்டிக் கல்லையெல்லாம் கலைச்சு, ஒண்ணையொண்ணு பார்க்க முடியாதபடி ரெண்டு குவியலா அடுக்கினேன். திரும்ப விட்டப்ப பழைய எல்லை எதுன்னே அதுக்குப் பிடிபடல. மத்ததுங்க முந்தி இடம் பிடிச்சிருந்துச்சு. கூட இருந்த இன்னொரு ஆணையும் சிநேகிதருக்குக் கொடுத்துட்டேன்.

தண்ணிக்கு நான் மெனக்கெடல. சிறுவாணித் தண்ணி இதுக்கு ரொம்ப மென்மை, பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) 7.8-க்கு மேல வேணும். எங்க போர் உப்புத்தண்ணியே போதுமா இருக்குது. தீனி போடறப்ப மட்டும் இன்னும் துரத்துது.